விழத் தெரியாதவன்

என் வேலை ஒருவனைக் கீழே தள்ளுவது. தள்ளினால் அவன் ஒழுங்காக விழ வேண்டும். அவ்வளவுதான். பெண் பார்க்க வந்த அன்று இதை என் மாமியாரிடம் சொல்லியிருந்தால், கையில் எடுத்த பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து போயிருப்பார். நல்லவேளை, "பொண்ணு கம்ப்யூட்டர்ல வேலை பாக்குது" என்று அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார்.

வீடியோ கேம் செய்கிற கம்பெனி அது. கம்பெனி இருப்பது பெங்களூரில். என் கணவர் இருப்பது விருத்தாசலத்தில், செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு யூனிட்டில் சூப்பர்வைசர். கரண்ட் கம்பத்தின் உச்சியில் வெள்ளையாக ஒரு பீங்கான் உட்கார்ந்திருக்குமே, அதைச் செய்கிறார்கள். அவர் செய்வது எந்தக் காற்றுக்கும் விழக் கூடாத சாமான். நான் செய்வது விழுந்தே ஆக வேண்டிய ஆள். ஜாதகத்தில் பத்துப் பொருத்தமும் இருப்பதாக எவனோ சொன்னானாம்.

கல்யாணமாகி இரண்டு வருஷம் நான் அங்கே, அவர் இங்கே. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூட்டை கட்டி, ஞாயிற்றுக்கிழமை மறுபடி மூட்டை கட்டி, புருஷன் முகத்தைவிட பஸ் கண்டக்டர் முகம்தான் எனக்கு நன்றாக மனப்பாடம். ஆபீசில் கெஞ்சி, சண்டை போட்டு, வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கி இந்தப் பொங்கலுக்குத்தான் ஒரே கூரைக்குக் கீழே வந்து சேர்ந்தோம். மாடி அறையில் என் கம்ப்யூட்டர். கீழே மாமியார். எங்கள் இருவருக்கும் தினமும் ஏதாவது ஒரு சண்டை இருக்கும், பெரும்பாலும் சாம்பாரில் வெல்லம் போடலாமா என்பது பற்றி. எனக்கு அந்த வாழ்க்கை ரொம்பப் பிடித்திருந்தது.

இப்போது அந்த விழுகிறவனைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் கேமில் அவன் பார்சல் கொண்டு போய்க் கொடுக்கிறவன். டிராபிக் தொல்லை தாங்காமல் மொட்டை மாடிகளின் மேலேயே ஓடுவான். ஓடுகிறவன் எப்போதாவது வழுக்குவான். நடக்கும்போதும் ஓடும்போதும் அவன் கை காலை நாங்கள் ஆட்டுவிக்கிறோம். விழும்போது மட்டும் கைவிட்டுவிடுவோம். தலை, மார்பு, தொடை, முழங்கால் என்று உடம்பைத் துண்டு துண்டாகப் பிரித்து, மூட்டுக்கு மூட்டு ஒரு கீல் வைத்து, பூமியின் இழுப்பிடம் ஒப்படைத்துவிடுவோம். அதன் பிறகு அவன் பாடு, பூமி பாடு.

அவன் பாடு பெரும்பாடாக இருந்தது. ஒருநாள் விழுந்த இடத்திலிருந்து ராக்கெட் மாதிரி மேலே கிளம்பிப் போனவன் திரும்பி வரவே இல்லை. ஒருநாள் இடது கால் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. ஒருநாள் தரையில் படுத்துக்கொண்டு குளிர்சுரம் வந்தவன்போல நடுங்கிக்கொண்டே தெருக்கோடி வரை போனான். ஒருவழியாக அவனைத் தரையோடு தங்க வைத்தேன். அப்போதும் என் மேலதிகாரிக்குத் திருப்தி இல்லை. அவர் கோயம்புத்தூர்க்காரர். திட்டினாலும் "ங்க" போட்டுத்தான் திட்டுவார்.

"ஏனுங்க, இவன் விழறதைப் பார்த்தா பாவமே வரலீங்களே. துணி மூட்டையை மாடியில இருந்து போட்டாப்ல இருக்குதுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள இது சரியாகோணும். ஆகலைன்னா இந்த வேலைய வேற டீமுக்குக் குடுத்துட்டு, நீங்க பெங்களூருக்கே வந்துருங்க. ஒண்ணா உக்காந்து பண்ணினாத்தான் ஆகும்."

மறுபடியும் பஸ், மறுபடியும் கண்டக்டர் முகம்.

மாமியார் அப்போது பெண்ணாடத்தில் என் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தார். வீடு காலி. சரி, விழுவது எப்படி என்று நாமே விழுந்து பார்த்துவிடுவோம் என்று இறங்கிவிட்டேன். ஹாலில் மெத்தையை இழுத்துப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை கணவர் போனில் வீடியோ எடுத்தார். "கொஞ்சம் இடது பக்கமா விழு, ஃபேன் நிழல் அடிக்குது" என்றார். கட்டின மனைவி விழும்போது கைகொடுத்துத் தூக்காமல் வெளிச்சம் பார்த்த ஒரே புருஷன் அவராகத்தான் இருப்பார்.

என் கொள்கை இது: என் ஆள் எப்படி விழுகிறானோ அப்படியே நானும் விழ வேண்டும். அவனுக்கு ஒரே நொடியில் எல்லா மூட்டும் தளர்ந்துவிடும். நானும் நின்ற இடத்திலேயே உடம்பைத் தளர விட்டு, கண்ணை மூடி, சொத்தென்று சரிவதற்குப் பழகினேன். நன்றாகவே வந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. மெத்தையில் விழுந்து அலுத்துப்போய், பின்பக்கத்துக் குழாயடியில் ஈரமான சிமெண்ட் தரையில், போனைத் துவைக்கிற கல்மேல் சாய்த்து வைத்துவிட்டு, விழுந்தேன். எழுந்து வீடியோவைப் பார்த்தேன். பிடிக்கவில்லை. மறுபடி விழுந்தேன்.

மதில் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அக்கா துணி காயப் போட்டுக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மாமியார் வந்து இறங்கினார். ஒரு கையில் மாதுளம்பழம், ஒரு கையில் மாங்காய். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. என்னைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். வெல்லத்துக்காக என்னோடு ஒரு வாரம் பேசாமல் இருந்த அதே மாமியார்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். எனக்கு எல்லாம் தெரியும்" என்றார்.

வெள்ளிக்கிழமை கெடுவைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். "அவரு சொன்னாருங்களா அத்தை?"

"அவன் எங்க சொன்னான்? அவன் வாயில கொழுக்கட்டையில்ல இருக்குது. எத்தினி மாசமாவுது?"

"மூணு மாசமா இதே பாடுதான் அத்தை."

"மூணு மாசம்! ஒரு வார்த்தை மூச்சு வுடல பாரு. சரி, எப்ப வருது?"

"தீபாவளிக்கு வெளிய வந்துடும்னு சொல்றாங்க."

மாமியார் விரல் விட்டு எண்ணினார். கணக்கு சரியாக வந்திருக்க வேண்டும். தலையை ஆட்டினார். "கையி காலு எல்லாம் நல்லபடியா இருக்குதாமா?"

யாராவது கேட்க மாட்டார்களா என்று மூன்று மாதமாகக் காத்திருந்தவள் நான். கொட்டித் தீர்த்துவிட்டேன். "அதுலதாங்க அத்தை பிரச்சினையே! கை ஒரு பக்கம் போவுது, கால் ஒரு பக்கம் போவுது. தலை தனியா சுத்துது. போன வாரம் முட்டி பின்பக்கமா மடங்கிடுச்சு."

மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "யாரு சொன்னா?"

"பெங்களூர்ல பாத்துட்டுச் சொன்னாங்க. ஸ்கிரீன்ல தெளிவாவே தெரியுது. உங்களுக்கு வேணா காட்டட்டுமா?"

"ஐயோ வேணாம்மா, என்னால பாக்க முடியாது."

"அவன் பாவம் அத்தை. எல்லாத் தப்பும் என்னுதுதான்."

"அவனா?" மாமியார் எழுந்து வந்து என் வாயைப் பொத்தினார். குரலை இறக்கிக்கொண்டார். "அவன்னு வெளியில சொல்லிப்புடாத. சொன்னவங்கள ஜெயில்ல போட்டுருவாங்க."

கேம் பற்றி வெளியே மூச்சு விடக் கூடாது என்று கம்பெனியில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அது மாமியாருக்கு எப்படித் தெரிந்தது என்று அசந்துபோனேன். "சொல்ல மாட்டேங்க அத்தை. ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணலைன்னா அவனைத் தூக்கி வேற ஆளுங்ககிட்டக் குடுத்துடுவாங்க."

"குடுக்குறதுக்கு அவனுங்க யாருடி? நம்ம வூட்டுப் புள்ளய!"

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் அம்மாகூட என் வேலையை இப்படித் தன் வீட்டு விஷயமாக நினைத்ததில்லை.

அன்றிலிருந்து நான் மாடிப்படி ஏறக் கூடாது. கம்ப்யூட்டர் கீழே வந்தது. மெத்தை பரண்மேல் போனது. குழாயடிப் பக்கம் போனால் "அங்க என்ன வேல?" என்று குரல் வரும். நேரத்துக்கு நேரம் மாதுளை. சாம்பாரில் நான் கேட்காமலே வெல்லம். கணவரோ டீக்கடையில் நாலு பேர் கைகுலுக்கினார்கள் என்று வந்து சொன்னார். "எதுக்காம்?" என்றேன். "தெரியல. நல்லா இருப்பான்னு சொன்னாங்க, தேங்க்ஸ்னு சொல்லிட்டேன்" என்றார். யார் எதற்குக் கைகொடுத்தாலும் வாங்கிக்கொள்கிற மனுஷன். அவரை வைத்துக்கொண்டு என்ன துப்பு துலக்குவது?

புதன்கிழமை காலையில் மாமியார் சொல்லாமல் கொள்ளாமல் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்விட்டு வந்தார். எங்கள் பக்கத்தில் காணாமல் போன மாட்டிலிருந்து கைவிட்டுப் போன கணவன் வரை எதுவானாலும் அங்கேதான் பிராது கட்டுவார்கள். குறையைக் காகிதத்தில் எழுதி சாமி சந்நிதியில் கட்டிவிட்டால் மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.

"பிராது கட்டிட்டேன்" என்றார் மாமியார், திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபடி.

"என்னன்னுங்க அத்தை?"

"கையி காலு அதது எடத்துல நிக்கணும், தலை தனியா சுத்தக் கூடாது, முட்டி பின்னாடி மடங்கக் கூடாதுன்னு."

எனக்குப் புல்லரித்தது. எங்கள் ஆபீசிலும் கோளாறைக் கண்டுபிடித்தால் இப்படித்தான் ஒவ்வொன்றாக எழுதி மேலே அனுப்புவோம். அதில்கூட இவ்வளவு தெளிவாக யாரும் எழுதுவதில்லை. நான் கும்பிட்டு நெற்றியைக் காட்டினேன். பூசினார். பிறகு என் வயிற்றிலும் பூசினார்.

"வயித்துல எதுக்குங்க அத்தை?"

"பின்ன, புள்ள நெத்தியிலயா இருக்குது?"

மாதுளை, மாங்காய், மாடிப்படி, ஜெயில், டீக்கடையில் கைகுலுக்கல் எல்லாம் ஒரே நேரத்தில் என் தலைமேல் வந்து விழுந்தன. "அத்தை... புள்ளை இல்லைங்க... நான் விளையாட்டுக்காக விழுந்தேன்."

கேமுக்கு நம்மிடம் வேறு வார்த்தை இல்லாமல் போனதுதான் என் கேடுகாலம்.

"விளையாட்டுக்கு வுழுந்தியா?" என்றார் மாமியார். முகம் விழுந்துவிட்டது. நாளெல்லாம் விழுவதையே பார்த்துக்கொண்டிருப்பவள் நான். அந்த மாதிரி ஒன்றைப் பார்த்ததே இல்லை. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைத் தூக்கி வந்து, மொட்டை மாடியிலிருந்து என் பார்சல்காரனைத் தள்ளிக் காட்டினேன். இவன்தான் அந்த அவன், மூன்று மாதமாகப் பாடாய்ப் படுத்துகிறவன் இவன்தான், இவனைப்போல வழுக்கி விழத்தான் குழாயடியில் பழகினேன், இவனைச் சரி செய்யாவிட்டால் நான் மறுபடி பெங்களூருக்குப் போக வேண்டும் என்று அழுதுகொண்டே சொன்னேன்.

அவர் ஸ்கிரீனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் கோபம் வந்தது. வந்ததே நல்லது என்று நினைத்தேன்.

"பெண்ணாடத்துல சொல்லிட்டேன், ஸ்ரீமுஷ்ணத்துல சொல்லிட்டேன், இந்தத் தெரு பூரா சொல்லிட்டேன்! இப்ப நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு வெளிய போவேன்? வழுக்கி வுழுறதுக்குப் பழகுனேன்ற. வழுக்கி வுழுறவ அப்படியா வுழுவா? பக்கத்து வூட்டுக்காரி தெளிவாச் சொன்னா, மயக்கம் போட்டவ மாதிரி கண்ண மூடிக்கிட்டுச் சரிஞ்சான்னு. மயங்கி வுழுந்தா ஊரு என்னா நெனைக்கும்? வழுக்கி வுழுறவ லேசுல வுழுவாளா? இப்படி, இப்படி..."

சொல்லிக்கொண்டே செய்து காட்டினார். இரண்டு கையும் காற்றில் எதையோ பிடிக்கத் துழாவின. ஒரு கால் அவசரமாகப் பின்னால் போய் உடம்புக்கு முட்டுக் கொடுக்கப் பார்த்தது. கழுத்து உள்ளே இழுத்துக்கொண்டது. ஒரு கை கதவுத் திரையை எட்டிப் பிடித்தது, மறு கை முந்தானையை இழுத்து மூடியது. விழவே இல்லை. கோபத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். ஐயோ, நான் ஒரு மக்கு! மூன்று மாதமாக என் ஆள் வழுக்கி விழவே இல்லை. ஒவ்வொரு முறையும் மயங்கி விழுந்துகொண்டிருக்கிறான். வழுக்கின நொடியிலேயே அவன் மூட்டுகளையெல்லாம் நான்தான் கழற்றி விட்டிருக்கிறேன். அவன் விழாமல் இருக்கப் பார்க்கவே இல்லை. விழ மாட்டேன், விழ மாட்டேன் என்று தரை வரைக்கும் முரண்டு பிடிப்பவனைப் பார்த்தால்தானே நமக்குப் பாவம் வரும்!

"அத்தை, இன்னொரு தடவை செய்யுங்க" என்றேன்.

"செருப்பு பிஞ்சிடும்" என்றார்.

அந்தப் பகலும் அடுத்த பகலும் நான் நாற்காலியை விட்டு எழவில்லை. வழுக்கினதும் மூட்டுகளை முழுக்கத் தளர விடாமல் பாதி முறுக்கை மிச்சம் வைத்தேன். எந்தக் கால் சறுக்கியதோ அதற்கு மறுகாலைப் பின்னால் ஓர் எட்டு வைக்க விட்டேன். பக்கத்தில் சுவரோ குழாயோ இருந்தால் கை அதைத் தேடிப் போகும். இல்லாவிட்டால் காற்றைத் தேடும். தலை தரையைத் தொடுவதற்குள் கழுத்து இழுத்துக்கொள்ளும். பார்சல் மட்டும் கடைசி வரை கையை விட்டுப் போகாது. தரையில் மோதின பிறகுதான் உடம்பு தளரும்.

மாமியார் என்னோடு பேசவில்லை. போனில் மட்டும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "இல்லையாம். விளையாட்டுக்கு வுழுந்தாளாம். ஆமா, சம்பளம் குடுக்குறாங்களாம் அதுக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றும் என் காதில் விழும்படிதான். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. ஆனால் சாப்பாட்டு நேரத்துக்குத் தட்டு மட்டும் தவறாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. வெல்லம் போடாத சாம்பார்.

வியாழக்கிழமை மத்தியானம் தட்டை வைக்க வந்தவர் ஸ்கிரீனைப் பார்த்தார். என் ஆள் தண்ணீர் டேங்க் ஓரமாக ஓடி வந்து, பாசியில் கால் வைத்து, சர்ரென்று போய், கையைத் துழாவி...

"டேய், பாத்துடா!" என்று கத்தினார் மாமியார். ரசம் என் கீபோர்டில் ஊற்றிக்கொண்டது. ஊற்றட்டும். எனக்கு அதைவிடப் பெரிய சர்டிபிகேட் எவன் தரப் போகிறான்?

"கட்டுன பிராது வீணாவல" என்றார் அவர், கீபோர்டைத் துடைத்துக்கொண்டே. "புள்ளைக்குன்னு நான் எழுதல. கையி காலு எடத்துல நிக்கணும்னுதான் எழுதுனேன். நின்னுடுச்சில்ல?"

வெள்ளிக்கிழமை காலையில் வீடியோ காலில் மேலதிகாரிக்குக் காட்டினேன். ஒருமுறை பார்த்தார். மறுபடி தள்ளச் சொன்னார். இன்னொரு முறை தள்ளச் சொன்னார். "அடிபட்டிருக்குமுங்களே" என்றார் மெதுவாக. எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. ஒரு நிமிஷம்தான்.

"அருமையா இருக்குதுங்க. இது இங்க ஒருத்தருக்கும் வராதுங்க. நீங்க திங்கக்கிழமையே பெங்களூருக்குக் கிளம்பி வந்துருங்க. டீம் மொத்தத்துக்கும் நீங்கதான் கத்துக்குடுக்கோணும். இனிமே இங்கியே இருந்துக்கலாம்."

கெட்டுப்போனால் கூப்பிடுவேன் என்றார், இப்போது நன்றாக வந்ததற்கும் கூப்பிடுகிறார். இது என்ன நியாயம்? "சார்..." என்று இழுத்தேன். அதற்குள் மாமியார் பட்டுப்புடவை சரசரக்கப் பின்னால் வந்து நின்றார். சத்தமாகப் பேசித்தான் அவருக்குப் பழக்கம்.

"என்னா, நல்லாயிருக்குதுன்னு சொல்லிட்டாரா? அப்ப கெளம்பு. இன்னைக்கே போயி ராஜினாமா பண்ணிடுவோம். இதெல்லாம் தள்ளிப் போடக் கூடாது. நானும் வரேன்."

கொளஞ்சியப்பரிடம் கட்டின பிராது பலித்துவிட்டால், திரும்பப் போய் 'குறை தீர்ந்தது சாமி' என்று அதை வாபஸ் வாங்க வேண்டும். அதற்கு ராஜினாமா என்று பெயர். எங்கள் ஊர்ப் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கோயம்புத்தூர்க்காரருக்குத் தெரியாது.

ஸ்கிரீனில் அவர் முகம் வெளுத்தது. "ஏனுங்க, ராஜினாமா எல்லாம் எதுக்குங்க? நான் என்னங்க சொல்லிப்போட்டேன்? வேண்டாமுங்க. நீங்க அங்கியே இருங்க. எத்தனை வருஷம் வேணும்னாலும் அங்கியே இருங்க. கத்துக்குடுக்கறதை வீடியோவுல பார்த்துக்கலாமுங்க. அம்மாகிட்ட நீங்களே கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

விளக்கிச் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன். "சரிங்க சார், சொல்றேன்" என்றேன்.

"என்னம்மா சொல்றாரு?" என்றார் மாமியார், கால் முடிந்து ஸ்கிரீன் அணைந்ததும்.

"என்னை இங்கேயே இருக்கச் சொல்லிட்டாருங்க அத்தை. பெங்களூருக்கு வர வேணாமாம். எப்பவுமே."

மாமியார் பூவை எடுத்து என் தலையில் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"மாதுளம்பழம் அத்தனையையும் புள்ளைக்குத்தான் வாங்கியாந்தேன்னு நெனைச்சியா?" என்றார். "நீ இந்த வூட்டுக்கு வந்ததுலேர்ந்துதான் எனக்குச் சண்டை போட ஒரு ஆளு இருக்குது. கெளம்பு, பஸ்ஸு போயிடும்."